குரங்குலகத் திரைப்படங்களில் மறுப்புச் சொல்

அறிவு பெற்ற விலங்குகள் மாந்தரை எதிர்த்தெழுவதைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் பல. அவற்றுள் ‘குரங்குகளின் கோள்’ என்னும் அமெரிக்கப் படவரிசை அவ்வெழுச்சியின் தோற்றுவாயை ஒரே சொல்லில் வைத்துக் காட்டுகின்றது. ஆங்கிலத்தில் ‘நோ’ என்பது அச்சொல். அதனைச் சொன்னவர் யார், யாரை நோக்கிச் சொன்னார், எப்பொருளில் சொன்னார் என்பன படத்துக்குப் படம் மாறி வந்துள்ளன. அம்மாற்றத்தையும், அதனுள் அடங்கிய ஒரு பாடவேறுபாட்டையும் ஆராய்வதே ஈண்டு எம் நோக்கம்.

இவ்வரிசைக்கு மூலம் பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1963 இல் வெளியிட்ட புதினம் ஆகும். இரண்டாம் உலகப் போருக்கு முன் பூல் மலாயாவின் இரப்பர்த் தோட்டத்தில் பணிபுரிந்தவர். ஏவுவோரும் ஏவப்படுவோரும் கோடு கிழித்தாற்போல் பிரிந்து வாழ்ந்த அத்தோட்டங்களில் உழைத்தவருள் பெருந்தொகையினர் தமிழர் என்பது நாம் அறிந்ததே. புதினத்தில் குரங்குகள் ஆட்சி பெற்ற வரலாறு, ஒரு பெண்ணின் மூளையில் உறங்கிய மூதாதையர் நினைவைக் கிளறியபொழுது வெளிப்படுகின்றது. அஃது எழுச்சி என்பதினும் மாந்தர்தம் மடியால் நேர்ந்த கைமாற்றம் என்பதே பொருந்தும். பிராங்ளின் ஷாஃப்னர் இயக்கிய 1968 ஆம் ஆண்டுப் படத்திலோ பேசுவது மனிதன். கேட்டுத் திகைப்பன குரங்குகள். டெய்லர் என்னும் அம்மனிதன் அவற்றிடம் முதலிற் கூறுவது ஒரு வசவு.

மறுப்புச் சொல் முதன்முதலிற் சிறப்பிடம் பெறுவது 1971 இல் வந்த மூன்றாம் படத்தில். அதன் திரைக்கதையை எழுதியவர் பால் டேன். வருங்காலத்தினின்று வந்த கார்னீலியஸ் என்னும் குரங்கு தன் இனத்தின் வரலாற்றைக் கூறுகின்றது. கொள்ளைநோயால் நாய்களும் பூனைகளும் மடிந்தன. அவற்றினிடத்தில் வளர்க்கப்பட்ட குரங்குகள் நாளடைவில் அடிமைகளாயின. பின்னர் ஆல்டோ என்னும் குரங்கு ஒருநாள் வாய் திறந்து ‘நோ’ என்றது. மாந்தர் அதனிடம் எண்ணிறந்த முறை கூறிய சொல் அதுவே என்பதையும் கார்னீலியஸ் குறிப்பிடத் தவறவில்லை. அடக்குதற்குப் பயன்பட்ட சொல்லே அடங்க மறுத்தற்கும் பயன்பட்டது. இதனைத் தமிழாக்குவார் ‘இல்லை’ என்று எழுதின் பொருள் கெடும். ‘மாட்டேன்’ என்றே எழுதவேண்டும். ‘இல்லை’ ஐம்பால் மூவிடத்துக்கும் பொது. ‘மாட்டேன்’ என்பதிலோ தன்மை ஒருமை விகுதி உண்டு. சொல்லுவோன் சொல்லுக்குள்ளேயே நிற்கின்றான். (இதுகாறும் ‘கூறுகின்றது’, ‘என்றது’ என அஃறிணை முடிபு கொடுத்தோம். தன்மையிற் பேசும் உயிர்க்கு அம்முடிபு எம் எழுதுகோலுக்கு ஒவ்வவில்லை. இனி உயர்திணை முடிபே கொள்வோம்.)

அடுத்த ஆண்டு, 1972 இல், ஜே. லீ தாம்சன் இயக்கத்தில் நான்காம் படம் வெளிவந்தது. கதை நிகழும் ஆண்டு 1991. கார்னீலியசின் மகனான சீசர் தன் பேச்சாற்றலை மறைத்து அடிமைகளிடையே வாழ்கின்றான். பின்னர் அவர்களைத் திரட்டி நகரைக் கைப்பற்றுகின்றான். தீயும் இருளும் கவச உடைக் காவலரும் நிறைந்த இறுதிக் காட்சிகள், 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் 34 பேர் உயிரிழந்த கறுப்பின மக்களின் கிளர்ச்சியை அக்காலத்தார்க்கு நினைவூட்டின. இவ்வொப்புமை தற்செயலானதன்று. ஆளுநர் பிரெக்கின் உதவியாளரான மெக்டொனால்ட் அடிமைகளின் வழிவந்த கறுப்பினத்தவர். அவரை நோக்கி, மற்றெவரினும் நீரே இதனை உணரவேண்டும் என்னும் கருத்துப்படச் சீசர் பேசுகின்றான்.

இப்படத்தின் முடிவுக்கு இரண்டு பாடங்கள் உள. முதற்பாடத்தில் சீசர் பழிவாங்கும் சினத்தோடு உரையாற்றி முடிக்க, கொரில்லாக்கள் பிரெக்கைத் துப்பாக்கிக் கட்டைகளால் அடித்துக் கொல்கின்றன. முன்னோட்டக் காட்சியில் அதனைக் கண்டோர் அதிர்ந்தனர். டுவெண்டியத் செஞ்சுரி பாக்ஸ் நிறுவனம் முடிவை மாற்றியது. புதிதாகக் காட்சி எடுக்கப்படவில்லை. சீசராக நடித்த ராடி மெக்டவலின் குரல் மட்டும் புதிதாகப் பதிவு செய்யப்பட்டு, அவர் கண்களை அண்மையிற் காட்டும் படத்தின்மேல் ஏற்றப்பட்டது. துப்பாக்கிகளை ஓங்கும் காட்சியைப் பின்னோக்கி ஓட்டித் தாழ்த்துவதாகக் காட்டினர். வெளியான இப்பாடத்தில், ஓங்கிய துப்பாக்கிகளைக் கண்ட லிசா என்னும் பெண்குரங்கு ‘நோ’ என்கின்றாள். சீசர் மனமிளகிப் பிரெக்கை விடுகின்றான். முதற்பாடம் 2008 இல் ப்ளூ-ரே வட்டில் வெளிவந்தது.

சுவடிப் பதிப்பிற் பழகியோர்க்கு இவ்விடைச்செருகலின் தையல் எளிதிற் புலப்படும்: இரக்கத்தைப் பேசும் நீண்ட உரையில் பேசுவோனின் வாய் தெரிவதில்லை. ஆயினும் இடைச்செருகல் என்று கண்ட அளவிலே அதனை ஒதுக்கிவிடுதல் ஆராய்ச்சியாகாது என்பது எம் கருத்து. முதற்பாடமே கதைப்போக்குக்கு இயைந்தது. அடிமைத்தளையின் கொடுமையை மழுப்பாதது. ஆனால் 1973 ஆம் ஆண்டின் ஐந்தாம் படம் எழுந்தது இரண்டாம் பாடத்தின்மேல். அதில் மாந்தரும் சீசரின் ஊரில் உடன் வாழ்கின்றனர். லிசாவின் சொல்லோ ‘மாட்டேன்’ அன்று, ‘வேண்டா’ என்பது. அது பகைவனை நோக்கியதும் அன்று. தன் தலைவனையே நோக்கியது. வணிக அச்சத்தால் நுழைந்த ஒரு சொல் மூலத்தில் இல்லாத ஓர் அறத்தை உடன்கொண்டு வந்துவிட்டது. அவ்வறம் குரங்குகளுடையதா, அரங்கில் அமர்ந்திருந்தோர் தம் பாதுகாப்புக் கருதி வேண்டியதா என்னும் வினாவை எழுப்பாமல் இப்படத்தைப் படித்தல் இயலாது.

ஐந்தாம் படம் இச்சொல்லை மீண்டும் ஒருமுறை புரட்டுகின்றது. அங்கே மாந்தர் எவரும் குரங்கை நோக்கி ‘நோ’ என்றல் ஆகாது. அது விலக்கப்பட்ட சொல். மாந்தராகிய ஆசிரியர் ஒருவர் வகுப்பில் அதனைக் கூறிவிட, கொரில்லாத் தலைவன் சீறி எழுகின்றான். அவன் பெயரும் ஆல்டோ! முன்னைக் கதையில் விடுதலையின் முதற்குரலாக இருந்த பெயர் இங்குத் தன் இனத்தானையே கொன்ற முதற்குரங்குக்கு உரியதாகிவிட்டது.

நெடுங்காலத்தின் பின், 2011 இல், ரூபர்ட் வயட் இயக்கிய படத்தில் காப்பகத்து ஏவலாளன் லாண்டன் மின்கோலை ஓங்குகின்றான். சீசர் அவன் கையைப் பற்றுகின்றான். அப்பொழுது லாண்டன் கூறுவது 1968 இல் டெய்லர் கூறிய அதே வசவு. அதற்கு விடையாக எழுவது ‘நோ’. இது ‘வேண்டா’ என்னும் பொருளினின்று நீங்கி மீண்டும் ‘மாட்டேன்’ என்பதன் பக்கமே நிற்கின்றது. 2017 ஆம் ஆண்டுப் படத்தில் நோயால் மாந்தர் பேச்சிழக்கின்றனர். ஊமைச் சிறுமி ஒருத்தி குரங்குகளிடமிருந்து கைச்சைகை கற்கின்றாள்.