அப்டேட் போட்டதும் வை-பை விட்டு விட்டு வருதா? கடைக்கு ஓடும் முன் இதை செய்து பாருங்க!

புதுவை:

ராத்திரி செல்போனுக்கு அப்டேட் போட்டுவிட்டு படுத்தால், காலையில் வை-பை தகராறு. 'கனெக்ட்' ஆகிறது, 2 நிமிடத்தில் 'கட்' ஆகிறது. கியூ.ஆர். கோடு வைத்து இட்லி கடை நடத்துபவருக்கு பணம் வந்ததா, வரலையா என்றே தெரியாது. வை-பை கட் ஆனதும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு தாவிவிடும். அன்றைய டேட்டா பேக் மதியத்துக்குள் காலி.

உடனே கடைக்கு ஓடினால் 'சாப்ட்வேர் போடணும், போர்டு போச்சு' என்று செலவு வைக்கலாம். பல நேரம் காசு செலவில்லாமல் வீட்டிலேயே சரி செய்துவிடலாம்.

ஆப்பிளுக்கும் இதே கதை

பெரிய கம்பெனிகளும் இதில் சிக்கியுள்ளன. 2012-ம் ஆண்டு செப்டம்பரில் ஐபோனுக்கு ஐ.ஓ.எஸ். 6 வெளியானபோது பலருக்கு வை-பை வேலை செய்யவில்லை. வை-பையில் நெட் இருக்கிறதா என்று போன் சோதித்துப் பார்க்கும் ஆப்பிள் இணையப் பக்கம் காணாமல் போனதே காரணம். போனில் கோளாறே இல்லை.

2021 ஜூனில், சதவீதக் குறிகள் கலந்த ஒரு பெயர் கொண்ட வை-பையில் சேர்ந்தால் ஐபோனில் வை-பையே முடங்கிப்போகும் கோளாறு வெளிவந்தது. நெட்வொர்க் செட்டிங்கை ரீசெட் செய்ததும் சரியானது. அடுத்த மாதமே அப்டேட்டில் இதற்கு தீர்வு வந்தது.

கோளாறு எங்கே?

முதலில் வீட்டில் உள்ள மற்ற போன்களை பாருங்கள். எல்லாவற்றிலும் நெட் வரவில்லை என்றால் தப்பு ரூட்டர் அல்லது லைனில். ஒரு போனில் மட்டும் என்றால் கீழே உள்ளதை வரிசையாக செய்யுங்கள். சரியானதும் அதோடு நிறுத்திவிடலாம்.

1. போனை ஆப் செய்து ஆன் செய்யுங்கள். ரூட்டரின் பிளக்கை பிடுங்கி அரை நிமிடம் கழித்து மாட்டுங்கள்.

2. செட்டிங்ஸ் போய் உங்கள் வை-பை பெயரை தொட்டு 'பர்கெட்' கொடுங்கள். மறுபடி பாஸ்வேர்டு போட்டு சேருங்கள். பாஸ்வேர்டை மாற்றாமல் இருந்தால், ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரிலேயே பார்க்கலாம்.

3. பேட்டரி சேவர், வி.பி.என்., விளம்பரம் தடுக்கும் ஆப் இருந்தால் நிறுத்திப் பாருங்கள்.

4. ஹாஸ்டல், ஆபீசில் மட்டும் சேரவில்லையா? அங்கு போனின் 'மேக்' நம்பரை பதிந்து வைத்திருப்பார்கள். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-ல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல், போன் தன் உண்மையான நம்பரை மறைத்து வேறு நம்பரை காட்டுகிறது. ஆண்ட்ராய்டில் அந்த வை-பையின் 'பிரைவசி' பகுதியில் 'போன் மேக்' என்று மாற்றுங்கள். ஐபோனில் 'பிரைவேட் அட்ரஸ்' என்பதை ஆப் செய்யுங்கள்.

5. எதற்கும் சரியாகவில்லையா? 'ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்' கொடுங்கள். ஆண்ட்ராய்டில் 'சிஸ்டம்' பகுதியிலும், சாம்சங்கில் 'ஜெனரல் மேனேஜ்மென்ட்' பகுதியிலும், ஐபோனில் 'ஜெனரல்' பகுதியிலும் இருக்கும். வை-பை பாஸ்வேர்டு, புளூடூத் இணைப்புகள் அழியும். போட்டோ, போன் நம்பர்கள் போகாது.

இதையும் 'பேக்டரி ரீசெட்'டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது போனில் உள்ள எல்லாவற்றையும் துடைத்துவிடும். பேக்-அப் எடுக்காமல் அதில் கை வைக்கவே கூடாது.

பழைய வீடா? கவனிங்க

புதுவை டவுனில் பிரெஞ்சு காலத்து வீடுகளில் செங்கல், சுண்ணாம்பு சுவர்கள் நல்ல தடிமன். பல ரூட்டர்கள் 2.4, 5 என்று 2 அலைவரிசைகளை தருகின்றன. 5-ல் வேகம் அதிகம், ஆனால் சுவரை தாண்டுவது கஷ்டம். 2.4 தூரம் போகும், ஆனால் நெருக்கமான தெருக்களில் பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எல்லாம் அதிலேயே மோதும்.

இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் போன் அங்கும் இங்கும் தாவி நெட் அறுபடலாம். தனித்தனி பெயர் வையுங்கள். ரூட்டர் பக்கத்தில் 5, உள் அறையில் 2.4. ரூட்டரை அலமாரிக்குள் ஒளிக்காமல் வீட்டின் நடுவில், உயரத்தில் வைப்பது நல்லது.

எப்போது கடைக்கு போகணும்?

வை-பை பட்டன் மங்கிப்போய், தொட்டாலும் ஆன் ஆகாமல், ரீசெட் செய்தும் அப்படியே இருந்தால் உள்ளே சிப் பழுதாக இருக்கலாம். வாரண்டி இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே கொண்டு போங்கள். வெளியில் பிரித்தால் வாரண்டி போய்விடலாம். பட்டன் நன்றாக இருந்து நெட் மட்டும் அறுபட்டால், கம்பெனி அடுத்த அப்டேட்டை விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

'அப்டேட் சரி செய்து தருகிறோம்' என்று போன் வந்தால் நம்பாதீர்கள். வாட்ஸ்-அப்பில் வரும் 'ஏ.பி.கே.' பைலை தொடவே வேண்டாம். அப்டேட் என்றால் போனின் செட்டிங்ஸ் வழியாக மட்டுமே. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் நம்பருக்கு சொல்லுங்கள்.