சான்று போதாமையும் சேதமின்மையும்: ஃபரோ தீவுகளின் பாதரச ஆய்வை முன்வைத்து

வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபரோ தீவுகளில் 1986, 1987ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,022 குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தை டென்மார்க் ஆய்வாளர் ஃபிலிப் கிராண்ஜானும் ஃபரோ மருத்துவர் பால் வைஹேயும் சேகரித்தனர். தாய்மாரின் தலைமுடியையும் எடுத்துக்கொண்டனர். இத்தீவினர் தலைமுறை தலைமுறையாகப் பைலட் திமிங்கில இறைச்சியை உண்பவர்கள். எங்கோ எரிந்த நிலக்கரியின் பாதரசம் கடலில் இறங்கி, நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாகி, மீன்வழி திமிங்கிலத்தில் திரள்கிறது. கருவுற்றவள் உண்ணும்போது அது நஞ்சுக்கொடியைக் கடந்துவிடுகிறது. தாயின் இரத்தத்தில் உள்ளதைவிடத் தொப்புள்கொடி இரத்தத்தில் அதன் செறிவு அதிகம்.

அந்தப் பிள்ளைகளில் 917 பேரை ஏழு வயதில் சோதித்தார்கள். சோதனைகளில் ஒன்று மிக எளியது. கோட்டோவியம் ஒன்றைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்பார்கள். பிள்ளை தடுமாறினால் அது எதற்குப் பயன்படும் என்று ஒரு குறிப்பு; அதற்கும் வாய் திறக்காவிட்டால் பெயரின் முதல் ஒலி. பிறக்கும்போது பாதரசம் கூடுதலாக இருந்த பிள்ளைகள் இதில் பின்தங்கினர், நினைவாற்றலிலும் கவனத்திலும்கூட. இவர்களில் யாரும் நோயாளியல்லர். பாதரச அளவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் வளர்ச்சியில் ஓரிரு மாதப் பின்னடைவு, அவ்வளவே. மருத்துவர் ஒருவர் தனிப்பிள்ளையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஒரு தலைமுறையையே சேர்த்து அளந்தால்தான் இழப்பு புலப்படும்.

1997இல் முடிவுகள் வெளியானபோது எழுந்த மறுப்புகளில் இரண்டு கனமானவை. திமிங்கிலக் கொழுப்பில் பிசிபி என்னும் நச்சும் உண்டே, குற்றவாளி அதுவாக இருக்கலாமே என்பது ஒன்று. பிசிபியையும் அளந்து கணக்கில் சேர்த்த பின்னரும் பாதரசத்தின் விளைவு மறையவில்லை என்பது அதற்குரிய விடை. மற்றது செஷல்ஸ் தீவுகளின் ஆய்வு. அங்கும் தாய்மார் நிறைய மீன் உண்டார்கள். பிள்ளைகளிடம் பாதிப்பு எதுவும் தென்படவில்லை. இரு ஆய்வுகளும் முரண்படுவதால் பொறுத்திருப்போம் என்றார்கள்.

இந்த முரண்பாட்டைப் பொறுமைக்கான காரணமாகக் கொள்வது தவறான வாசிப்பு என்பது என் வாதம். செஷல்ஸ் ஆய்வு தலைமுடியை அடிப்படையாகக் கொண்டது. முடியின் தன்மை, சாயம், சுருட்டும் மருந்து எல்லாம் அந்த அளவைக் கலைக்கக்கூடியவை. அளவுகோல் தளர்ந்தால் உண்மையான தொடர்பு பெரும்பாலும் பூச்சியத்தை நோக்கியே சரியும். துல்லியக் குறைவு பொதுவாக நஞ்சுக்குச் சாதகமாகவே தீர்ப்பளிக்கிறது என்பதைக் கிராண்ஜான் அயராமல் எடுத்துரைத்தார். போதாக்குறைக்கு, மீனில் உள்ள நல்ல கொழுப்பு மூளை வளர்ச்சிக்கு உதவி, பாதரசத்தின் சேதத்தை ஓரளவு மூடிவிடுகிறது. ஆக, ‘பாதிப்பு காணப்படவில்லை’ என்பது ‘பாதிப்பு இல்லை’ என்பதாகாது. ஆய்வின் நிச்சயமின்மை பாதுகாப்பு வரம்பைத் தாழ்த்தச் சொல்கிறது; அதைத் தளர்த்தச் சொல்லவில்லை. 2000இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு ஃபரோ ஆய்வையே அடிப்படையாக்கி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற வரம்பை ஆதரித்தது. இந்த நியாயத்தின் வலுவை அது ஏற்றது என்றே நான் கருதுகிறேன்.

திமிங்கிலத்தைப் பொறுத்தவரை எச்சரிக்கை பலித்தது. தாய்மார் உண்பதைக் குறைத்தனர். பின்னர்ப் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடியில் பாதரசம் பெரிதும் இறங்கியது. 2008இல் வைஹேயும் தீவுகளின் தலைமை மருத்துவ அதிகாரியும் அந்த இறைச்சியை எவருமே உண்ண வேண்டாம் என்றனர். கடலை மாசுபடுத்தாத ஒரு சிறு சமூகம் தன் பழம்பெரும் உணவைத் துறக்கும்படி கேட்கப்பட்டதே, அந்த அநீதி இன்னும் போதுமான அளவு பேசப்படவில்லை.

அதே தீவுகளின் பிள்ளைகளிடம் அடுத்து ஆராயப்பட்டவை ஒட்டாத பாத்திரத்திலும் நீர்புகாத் துணியிலும் பயன்படும் ஃபுளூரின் சேர்மங்கள். ஐந்து வயதில் இவற்றின் அளவு இரட்டிப்பாக இருந்த பிள்ளைகளிடம், இரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் போட்ட தடுப்பூசியின் எதிர்ப்புப்பொருள் ஏழு வயதில் ஏறத்தாழப் பாதியாக இருந்ததை 2012இல் அறிவித்தனர். இவை தாய்ப்பால் வழியாகவும் சேர்கின்றன. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. திமிங்கிலத்தைத் தட்டிலிருந்து விலக்கியதுபோல் இவற்றை விலக்கும் வழி எந்தத் தாயிடமும் இல்லை. ஆகவே தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, பொருள் சந்தைக்கு வருமுன்பே தயாரிப்பாளரைச் சேர வேண்டும்.