நாலு வருஷத்துக்கு என்று வந்த வரி

எங்கள் தெருப் பையன் ஒருவன் ராஜபாளையத்தில் முதல் முதலாகச் சொந்த வீடு வாங்குகிறான். விலை 20 லட்சம். போன வாரம் வந்து, "தாத்தா, பத்திரச் செலவே 1,80,000 வருதாம். எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டான்.

கணக்கு சரிதான். முத்திரைத் தீர்வை 5 சதவீதம், உள்ளாட்சிக்குப் போகிற சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2. ஆக 9. பத்திர எழுத்தர் கூலி, மூலப்பத்திரம் பார்க்கிற வக்கீல் ஃபீஸ் எல்லாம் தனி. ஆனால் "எதுக்கு" என்பதற்குப் பதில் சொல்ல முந்நூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருந்தது.

1694ல் இங்கிலாந்து, பிரான்சோடு நடத்திய போருக்குப் பணம் திரட்டப் பத்திரங்களுக்கு முத்திரை வரி போட்டது. நாலு வருஷத்துக்கு மட்டும் என்றுதான் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் 14ஆம் லூயியின் போர்களை மனப்பாடம் செய்தவன் நான். அந்தப் போருக்குப் போட்ட வரி ஒரு நாள் என் தலையிலும் விடியும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை!

கம்பெனிக்காரர்கள் 1797ல் அதை வங்காளத்தில் நுழைத்தார்கள். 1899ல் வந்த இந்திய முத்திரைச் சட்டம்தான் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கிரயப் பத்திரத்துக்கு வாங்குகிறவரே தீர்வை கட்ட வேண்டும் என்கிறது அதன் 29ஆம் பிரிவு.

விலைக்குத் தக்கபடி தீர்வை என்றதும் ஜனங்கள் விலையைக் குறைத்து எழுதினார்கள். அதைத் தடுக்க 1967ல் நம் மாநிலத்தில் 47ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பிறகு வழிகாட்டி மதிப்பு வந்தது. விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் தீர்வை.

நானும் அந்தத் தப்பைச் செய்தவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை பார்த்தபோது ராஜபாளையத்தில் ஒரு மனை வாங்கினேன். கொடுத்தது 40,000. "எவ்வளவுக்கு எழுத?" என்று கேட்டார்கள். 22,000 என்று எழுதச் சொன்னேன். வழிகாட்டி மதிப்பு அதற்கும் கீழே இருந்ததால் யாரும் கேட்கவில்லை. கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். வீடு கட்டக் கடன் கேட்டபோது வங்கியில் பத்திரத்தைத்தான் பார்த்தார்கள். அவர்கள் கணக்கில் மனை 22,000தான். எதிர்பார்த்த கடன் கிடைக்கவில்லை. வீட்டம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. மீட்க முடியவில்லை.

சதவீதத்தை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள்; கூடவே பதிவுக் கட்டணத்தை 1லிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி உயர்த்திக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். 12 லட்சம் வழிகாட்டி மதிப்புள்ள சொத்தை அந்த மதிப்புக்கே பதிந்தால் முதலில் 8 சதவீதம், 96,000. பிறகு 8,04,000க்கு 11 சதவீதம், 88,440. 2023ல் 12 லட்சத்துக்கு 9 சதவீதம், 1,08,000. 11 என்பது 9 ஆனது. கட்டுகிற பணமோ கூடியது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இந்த வரியை நமக்குக் கொண்டுவந்த இங்கிலாந்து, 2017 நவம்பரில் முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு 3 லட்சம் பவுண்டு வரை வரி இல்லை என்று அறிவித்தது. இங்கே முதல் வீட்டுக்கென்று தனிச் சலுகை கிடையாது. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. நல்ல காரியம். இந்தப் பையனின் 20 லட்ச வீட்டுக்கு அது பொருந்தாது.

நம் அரசு முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று நாம் பெருமைப்படுகிறோம். முத்திரைத் தீர்வையிலும் முதல் வீட்டுக்காரனுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டினால் அந்தப் பெருமை கூடும். அதுவரை உண்மை விலையையே எழுதச் சொல்லிப் பையனை அனுப்பினேன். அவன் மனைவியின் கழுத்தில் சங்கிலி இருக்கட்டும்.