தப்பும் தராசும்

பொறியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாது மனித மனம் தளர்வதனை, அமெரிக்க உளவியலறிஞர் கிரெய்க் புரோட் 1984-இல் வெளியிட்ட நூலில் ‘டெக்னோஸ்ட்ரெஸ்’ என்னும் பெயரால் ஆராய்ந்தார். அவர் கருதியது கணிப்பொறியை. எனினும் ஹற்றன், நுவரெலியா மலைச்சரிவுகளில் அந்நிலை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பெயரின்றி நிலவியது எனலாம்.

1869-இல் தோன்றிய இலைநோய் இலங்கைக் கோப்பியை அழிக்க, 1867-இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பற்றியது. இது வெறும் பயிர் மாற்றமன்று. கோப்பி பருவப் பயிர். அறுவடை முடிந்ததும் தொழிலாளர் பலர் தமிழகம் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. பறித்த கொழுந்து கூடையில் நெடுநேரம் அடைந்து கிடப்பின் வெப்பமுற்றுச் சிவந்து கெடும். ஆதலால் உரிய வேளையில் தொழிற்சாலைத் தட்டுகளில் அதனை வாடப் பரப்புதல் வேண்டும். வாடியது உருட்டும் பொறிக்கும், பின்னர் உலர்த்தும் பொறிக்கும் செல்லுதல் வேண்டும். ஆகவே கீழே ஓடிய பொறியின் ஒழுங்கே மலைமேல் நின்ற பெண்ணின் கைவேகத்தையும் நிறுவை நேரத்தையும் நிர்ணயித்தது. நிரையில் நின்றவளுக்கு அப்பொறி கண்ணிற் படாது. அதன் பசி மட்டும் தெரியும்.

விடியுமுன் தப்பொலி லயத்தை எழுப்பும். பெரட்டுக் களத்தில் ஆட்கணக்கு. கொழுந்து மடுவத்திற் குறித்த நிறை காட்டாதவளுக்கு அரைப்பேர். கூடைக்கும் ஈரத்துக்குமெனச் சில இராத்தல்களைக் கழிக்கும் வழக்கம் வேறு.

இவ்வாழ்வை அம்மக்கள் தாங்கிய வகை கருதத்தக்கது. கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் எள்ளி நகையாடும் பாடல்கள் நிரைகளிடையே பிறந்தன, சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்தார். மாசி மாதத்தில் காமன் கூத்து நடைபெறும். பெரட்டுக்கு அழைத்த அதே தப்பு, அன்றிரவு தீயிற் காய்ச்சப்பட்டுக் காமனுக்கும் ரதிக்கும் முழங்கும். பகலில் வெறும் ஒரு ‘பேராக’ எண்ணப்பட்டவன் இரவிற் கடவுளாகவோ தூதனாகவோ ஆடினான். எரிந்த காமன் மீண்டும் எழும் கதையை இம்மக்கள் பெரிதும் போற்றியமை வியப்பன்று.

1998-இல் மார்ட்டின் செலிக்மன் முன்வைத்த நேர்மறை உளவியல், மனிதரின் ஆற்றல், உறவு, வாழ்வின் பொருள் ஆகியவற்றை நோக்குகிறது. இம்மூன்றும் அக்கூத்துக் களத்தில் இருந்தன. ஆயினும் இவ்விடத்து ஓர் எச்சரிக்கை தேவை. பாட்டு மனத்தை ஆற்றும். கோணலான தராசை நிமிர்த்தாது. தொழிலாளரின் பொறுமையைப் புகழ்ந்தோருட் பலர் அப்பொறுமையால் ஆதாயம் பெற்றோரே.

இதனை நன்குணர்ந்தவர் கோ. நடேசய்யர். 1931-இல் அவர் ஹற்றனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளரின் நிலையை மக்கள் அறிந்த மெட்டுகளிற் பாடினார். ஆறுதலளித்த பாட்டு அவர் நாவில் கோரிக்கையாயிற்று. கூட்டத்துக்கு வரத் தயங்கியவரும் பாட்டைக் கேட்க நின்றனர்.

புரோட்டின் நூல் வெளிவந்த அதே 1984-இல், தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் பயனாகப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்கூலி கிடைத்தது. நிறுவையும் அரைப்பேரும் பற்றிய வழக்குகள் அதன் பின்னரும் தொடர்ந்தன.