கிப்தி என்பவர் யார்?

மூஸா (அலை) அவர்கள் குத்தியதால் ஒருவன் மாண்ட நிகழ்ச்சியை அல்கஸஸ் அத்தியாயத்தின் 15ஆம் வசனம் கூறுகின்றது. இறைமறை அவனைப் பகைக் கூட்டத்தைச் சார்ந்தவன் என்றளவில் நிறுத்த, விரிவுரையாளர்கள் 'கிப்தி' என்று விளக்கினர். இவ்விடத்தைப் பாடம் சொல்லும்போதெல்லாம், "அவன் கிறிஸ்தவனா?" என வினவும் மாணவர் ஒருவரேனும் இருப்பார். ஈஸா (அலை) அவர்களின் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கிறிஸ்தவன் எங்ஙனம் வந்தான்? ஆயினும் மாணவரைக் குறை கூறுவதற்கில்லை. செய்தித்தாளில் அவர் காணும் 'காப்டிக்' கிறிஸ்தவர்தாமே!

இச்சொல்லின் வேர் ஊர்ப் பெயரில் உள்ளது. மெம்பிஸ் நகரில் ப்தாஹ் என்னும் தெய்வத்திற்கு இருந்த கோயிலின் பெயரைக் கிரேக்கர் 'ஐகுப்தோஸ்' எனத் திரித்து, நாட்டுக்கே பெயராக்கினர். அரபிகள் அதன் முன்னசையை விடுத்து 'கிப்த்' என்றனர். நாட்டை அவர்கள் 'மிஸ்ர்' என்றே வழங்கியமையால், கிப்த் என்பது மக்களின் பெயராய் நின்றது. நாம் எழுதும் 'எகிப்து'வும் இதே வேரினதே.

முகவ்கிஸுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடுத்த மடலில் 'அழீமுல் கிப்த்' என்று விளித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுவதும், அன்னை மாரியா (ரலி) 'கிப்திய்யா' எனப்பட்டதும் இப்பொருளிலேயே. அந்நாட்டு மெல்லிய துணியும் 'கபாத்தீ' எனப்பட்டது. இப்னு உமர் (ரலி) அதனைக் கஅபாவுக்குப் போர்த்த அனுப்பியதை முவத்தா கூறுகின்றது. துணிக்கு ஏது சமயம்?

பொருள் சுருங்கியது பின்னரே. கி.பி. 641-இல் மிஸ்ர் வெற்றிகொள்ளப்பட்டபோது அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர். ஹிஜ்ரி 87-இல் அரசுப் பதிவேடுகள் அரபிக்கு மாறின. பின்வந்த நூற்றாண்டுகளில் இஸ்லாத்தை ஏற்றோர் அரபி பேசி, கிப்த் என்னும் பெயரையும் துறந்தனர். தேவாலயத்தில் தங்கியவர்க்கே அப்பெயர் எஞ்சிற்று. அவர்தம் வழிபாட்டில் வாழ்ந்த பழைய மொழியே, 1822-இல் ஷம்போலியன் பிரமிடு காலத்து எழுத்தைப் படிக்கவும் துணை நின்றது.

ஆகவே விரிவுரை நூல்களில் 'கிப்தி' வருமிடத்து, 'எகிப்தியன்' என்றே மொழிபெயர்க்குமாறு நாம் மாணவரிடம் கூறி வருகின்றோம். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மிஸ்ர் மக்களிடம் நன்முறையில் நடக்குமாறும், அவர்களுக்கு அடைக்கலமும் இரத்த உறவும் உண்டென்றும் பெருமானார் (ஸல்) அறிவுறுத்தியதை அபூதர் (ரலி) வாயிலாக ஸஹீஹ் முஸ்லிம் பதிந்துள்ளது. மற்றோர் அறிவிப்பில் உறவுக்குப் பகரமாகத் திருமண உறவு என வருகின்றது. இரத்த உறவு அன்னை ஹாஜரால். திருமண உறவு அன்னை மாரியாவால் என்பர் அறிஞர். ஹாஜர் (அலை) அவர்களால் வந்த உறவு அம்மண்ணின் முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் பொதுவானது. 2017 ஏப்ரலில் தன்தாவிலும் அலெக்சாந்திரியாவிலும் தேவாலயங்களில் குண்டு வைத்தோர் கொன்றது, பெருமானார் (ஸல்) உறவென்று சுட்டிய அம்மக்களைத்தான்.