சிரிப்புக்கு நம்பர் போட்ட கதை

இன்னைக்கு எபிசோடை என் அக்கா மகனில் இருந்து ஆரம்பிக்கிறேன். போன வருஷம் அவனுக்கு ஒரு ஆன்லைன் இன்டர்வியூ. எதிரில் ஆள் கிடையாது. திரையில் கேள்வி வரும், கேமராவைப் பார்த்துப் பதில் சொல்லணும். "மாமா, முகத்துக்கும் கம்ப்யூட்டரே மார்க் போடுமாம், சிரிச்சுக்கிட்டே பேசணுமாம்" என்று கண்ணாடி முன்னாடி நின்று பழகிக்கொண்டிருந்தான்.

முகத்தைப் பார்த்து மனசைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதற்குக் கம்ப்யூட்டருக்கும் நூறு வருஷம் முன்னாடி போகணும்.

பாரிஸில் துஷேன் என்று ஒரு மருத்துவர். முகத்தில் தொடு உணர்வு மங்கிப்போன ஒரு முதியவரை உட்காரவைத்து, ஒவ்வொரு தசைக்கும் மின்சாரம் கொடுத்து, போட்டோ எடுத்தார். 1862ல் புத்தகமும் வந்தது. வாயோரத்தை நாம நினைச்சா தூக்கிடலாம், ஆனால் நிஜமான சந்தோஷத்தில் கண்ணைச் சுற்றியிருக்கும் தசையும் சுருங்கும் என்று சொன்னவர் அவர்தான்.

அந்தப் படங்கள் சார்லஸ் டார்வின் கைக்குப் போயின. அவர் ஒரு நல்ல வேலை செய்தார். எந்த விளக்கமும் சொல்லாமல் இருபது பேருக்கு மேல் அந்தப் படங்களைக் காட்டி, இது என்ன உணர்ச்சி என்று கேட்டார். சில படங்களுக்குப் பெரும்பாலும் ஒரே பதில் வந்தது. சிலவற்றுக்கு ஆளுக்கொரு பதில். 1872ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதை அவரே எழுதியிருக்கிறார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வருவோம்.

அடுத்தது பால் எக்மன், அமெரிக்க உளவியலாளர். 1960களின் கடைசியில் பப்புவா நியூ கினியாவின் ஃபோரே மக்களிடம் போனார். ஒரு சின்னக் கதையைச் சொல்லி, அதுக்குப் பொருந்தும் முகத்தைப் படங்களில் காட்டச் சொன்னார். அடிப்படை உணர்ச்சிகள் எல்லா மனிதருக்கும் பொது என்பது அவர் முடிவு. 1978ல் வாலஸ் ஃப்ரீசனோடு சேர்ந்து முகத்தின் ஒவ்வொரு அசைவுக்கும் நம்பர் கொடுத்தார். கன்னம் உயர்ந்தால் 6, வாயோரம் தூக்கினால் 12. இரண்டும் சேர்ந்தால் துஷேன் சொன்ன அதே சிரிப்பு! ஆனால் ஒரு நிமிஷ வீடியோவை இப்படி நம்பராக எழுத, பழகின ஆளுக்கே மணிக்கணக்கில் ஆகும்.

நம்பர் வந்துவிட்டால் கம்ப்யூட்டருக்குக் கொண்டாட்டம்தானே? போட்டோவில் கண், மூக்கு, வாய் எங்கே என்று கம்ப்யூட்டரையே கண்டுபிடிக்க வைத்து 1970களின் தொடக்கத்திலேயே கியோட்டோவில் ஆய்வு செய்தவர் தகேயோ கனாடே. 2001ல் வயோலா, ஜோன்ஸ் இருவரும் ஓடும் வீடியோவில் முகத்தை உடனுக்குடன் பிடிக்க வழி கண்டார்கள். கண் பகுதி இருட்டு, அதுக்குக் கீழே கன்னம் வெளிச்சம். இப்படி எளிய வெளிச்ச வித்தியாசங்களை வரிசையாகச் சோதிப்பதுதான் அந்த முறை.

சரி, கோபம் எது, பயம் எது என்று கம்ப்யூட்டர் எதை வைத்துப் படித்தது? கனாடேவும் ஜெஃப்ரி கோனும் சேர்ந்து 2000ல் வெளியிட்ட புகழ்பெற்ற வீடியோத் தொகுப்பை எடுத்துக்கோங்க. அதில் இருப்பவர்கள் கோபப்படவில்லை. இப்படி முகத்தை வையுங்க என்று சொன்னதும் வைத்துக் காட்டினார்கள். அதாவது கம்ப்யூட்டர் படித்தது நடிப்பை.

2019ல் லிசா ஃபெல்ட்மன் பாரெட் உட்பட ஐந்து ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசினார்கள். கோபத்தில் இருப்பவர் முகத்தைச் சுளிப்பது சராசரியாகச் சுமார் 30 சதவீதத் தடவைதான். கோபமே இல்லாமல் யோசனையிலும் முகம் சுளிக்கும். 2024ல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய ஏஐ சட்டம், மருத்துவம், பாதுகாப்பு காரணங்கள் தவிர, வேலையிடத்திலும் பள்ளி கல்லூரியிலும் உணர்ச்சியை ஊகிக்கும் மென்பொருளைத் தடை செய்தது.

டார்வினுக்கு ஆளுக்கொரு பதில் வந்ததே, நினைவிருக்கா? அவர் அந்த வித்தியாசத்தை மறைக்காமல் எழுதிவைத்தார். மென்பொருளோ ஒரே ஒரு மார்க்கைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. தசை அசைந்ததை அது சரியாகவே பார்க்கலாம். ஏன் அசைந்தது என்பது அந்தப் படத்துக்குள் இல்லை.

என் அக்கா மகனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. பதில் தப்பா, சிரிப்பு பத்தலையா என்று அவன் மெயில் போட்டுக் கேட்டான். இன்னும் பதில் வரவில்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.