கரையில் கிடைத்த துட்டு

மருதமுனையில் கரைவலைத் தொழில் செய்யும் ஒரு குடும்பத்தினர், பழைய தகரப் பேணியொன்றினுள் பாதுகாத்து வைத்திருந்த செப்பு நாணயமொன்றை ஒருமுறை எனக்குக் காட்டினார்கள். ஒரு பக்கத்தில் வீ, ஓ, சீ ஆகிய மூன்று எழுத்துக்களும் பின்னிய முத்திரை. அதன் கீழே 1753 என்ற ஆண்டு. மறுபக்கத்தில் சிங்கம் பொறித்த கேடயம். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். “வாப்பாட காலத்துல கரையில கிடைச்சது காக்கா” என்றார் வீட்டுக்காரர். எந்த இடம், எவ்வளவு ஆழம், அதனுடன் வேறு என்ன கிடைத்தன என்பவற்றைச் சொல்ல எவரும் இல்லை.

அந்த முத்திரை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியினுடையது. 1726 முதல் நெதர்லாந்தின் மாகாண நாணயசாலைகள் ஆசிய வியாபாரத்துக்கென இந்தச் செப்புக்காசை அடித்தன. ஒல்லாந்த மொழியில் அதன் பெயர் ‘டொய்ட்’. நாம் இன்றும் பணத்தைக் குறிக்கப் பயன்படுத்தும் ‘துட்டு’ என்ற சொல் இதிலிருந்தே வந்தது. ‘கந்தோர்’, ‘கக்கூசு’ என்பனவும் அவர்கள் விட்டுச் சென்ற சொற்களே. சொற்களைத் தேடுவதற்குக் கருவி தேவையில்லை. உலோகங்களின் நிலை அப்படியல்ல.

இக்கரையின் வரலாறு பெரும்பாலும் பிறர் எழுதி வைத்த வரலாறாகும். போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் சுமார் 4,000 பேரை 1626இல் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியதாகக் கைரோஸ் பாதிரியாரின் நூல் கூறுகின்றது. 1638இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் கரையோரம் முழுவதும் அவர்களது ஆதிக்கத்துக்குள் வந்தது. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். இவையனைத்தும் கோட்டைகளின் கதை. கல்முனையில், சாய்ந்தமருதில், நிந்தவூரில் நெல்லும் கருவாடும் விற்றவர்கள் எந்தக் காசை வாங்கினார்கள் என்பதை இந்த ஆவணங்கள் சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடியது, எந்தக் காசு எந்த மண்ணில் கிடைத்தது என்ற தகவலேயாகும்.

இதற்கு நமக்குத் தெற்கே ஒரு சிறந்த உதாரணம் இருக்கின்றது. 1961இல் மைக் வில்சன், கிரிந்தைக்கு அப்பாலுள்ள கிரேட் பாசஸ் பாறைத்தொடரில் மூழ்கிய கப்பலொன்றைக் கண்டார். அதுபற்றி அவரது நண்பர் ஆர்தர் சி. கிளார்க் நூலொன்று எழுதினார். அங்கு கிடைத்தவை அவுரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள். சுமார் ஆயிரம் நாணயங்கள் வீதம் கட்டிய பைகளின் வடிவத்திலேயே அவை கட்டிகளாக இறுகியிருந்தன. சூரத் நாணயசாலையில் அடிக்கப்பட்ட அவற்றில் ஹிஜ்ரி 1113 என்ற ஒரே ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. அது கி.பி. 1702ஐ ஒட்டிய காலமாகும். சந்தையில் புழங்காத புதுக்காசு, சாலையிலிருந்து நேரே கப்பலேறியிருக்கின்றது என்பதை ஆய்வாளர்கள் இதிலிருந்து விளங்கிக் கொண்டனர். அவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி விற்கப்பட்டிருந்தால் வெள்ளி மிஞ்சியிருக்கும், வரலாறு மிஞ்சியிருக்காது.

உலோகம் தேடும் கருவி நமது மக்களுக்குக் கண்ணிவெடியின் மூலமே அறிமுகமானது. மின்காந்தச் சுருளிலிருந்து மண்ணுக்குள் செல்லும் காந்தப்புலம் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்ட, அதன் எதிரொலியைக் கருவி ஒலியாக்குகின்றது. வெடிக்கும் காசுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. யுத்தம் முடிந்த பின்னர் புதையல் தேடுவோரின் கைகளிலும் இக்கருவிகள் காணப்படுவது பொலிஸ் செய்திகளில் வழக்கமாகிவிட்டது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருளைத் தேடி அகழ்வது குற்றமாகும். தற்செயலாகக் கண்டெடுத்தவரும் அதனை அறிவிக்க வேண்டும்.

ஆனால் நமது பகுதியில் அறிவிக்க எவரும் துணிவதில்லை. காரணம் பேராசை மட்டுமல்ல. காணியில் பழம்பொருள் இருப்பதாகத் தெரிந்தால் காணியே போய்விடும் என்ற அச்சம் இங்குள்ளது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கென ஜனாதிபதிச் செயலணி அறிவிக்கப்பட்டபோது, அதில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரேனும் இடம்பெறவில்லை. இந்த அச்சம் காரணமற்றதென எவரும் கூற முடியாது. எனினும் அச்சத்தினால் நாம் மறைப்பது நமது சாட்சியத்தையே என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் இங்கு வாழ்ந்தோம், வாங்கினோம், விற்றோம் என்று சொல்லும் பொருள் தகரப் பேணிக்குள் ஊமையாகிவிடுகின்றது.

இங்கிலாந்தில் 1997 முதல் பொதுமக்கள் தாம் கண்டெடுத்த பொருட்களை இடக்குறிப்புடன் பதிவு செய்து வருகின்றனர். இன்று அப்பதிவுகள் பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டன. அந்தச் சட்டமும் சூழலும் வேறு. ஆயினும் பொருள் கிடைத்த இடத்திலேயே ஒரு புகைப்படம், இடத்தின் பெயர், ஆழம், திகதி ஆகியவற்றைக் குறித்து வைப்பதற்குப் பணம் தேவையில்லை. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், நமது பாடசாலைகளும், பள்ளிவாசல்களும் இப்பதிவுக்கு முன்வந்து, சட்டப்படி அறிவிப்பவருக்குத் துணை நின்றால் அச்சமும் குறையும்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. காணி உறுதிகளும், பிறப்புப் பத்திரங்களும், குடும்பக் குறிப்புகளும் அலையோடு போயின. கடதாசி கரைந்த அந்தக் கரையில் உலோகம் இன்னும் கிடக்கின்றது. அதை எடுப்பவர் எங்கே எடுத்தேன் என்பதையும் சேர்த்தே எடுத்துவர வேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.